அழுதால் செல்லும்

போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் சியோல் நகர அலுவலகம் ஐந்து மணிக்குக் கருணையை மூடிவிடும் என்பதால், தொண்ணூற்றைந்து வயது தொக்சூ காலையிலேயே வந்துவிட்டார். தங்கை வடகொரியாவில் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

"அவரைப் போன வருடமே சந்தித்துவிட்டீர்களே, ஐயா. ஆளுக்கு ஒரு சந்திப்புதான்," என்றாள் அதிகாரி.

"அது நீங்கள் கணினியில் அவளைப் போலவே செய்து திரையில் காட்டிய பொம்மை! நிஜத் தங்கை என்றால் என்னைத் திட்டியிருப்பாள். ஒரே வாரத்தில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்."

"பொம்மையோ என்னவோ, அழுதிருக்கிறீர்கள். பதிவு இருக்கிறது. அழுதால் சந்திப்பு செல்லும்."

"அங்கே அவள் காத்திருப்பாளே, அம்மா?"

"கவலையை விடுங்கள். நேற்றே உங்களைப் போல ஒரு பொம்மை செய்து அவருக்கு அனுப்பிவிட்டோம். உங்கள் தங்கை முதலில் அதை நன்றாகத் திட்டினாராம். அப்புறம் அழுதுவிட்டார்."