இரண்டு வால்வுகளுக்கு நடுவே

முதல் வால்வின் சக்கரத்தை அவன் இறுதிவரை திருகி மூடினான். பின்பு இரண்டாவதை. கருவறைக் கதவுக்குத் திருக்காப்பிடுகிறவரின் அடக்கம் அவன் கைகளில் இருந்தது.

நடுவே இருந்த சின்ன வடிகுழாயை மட்டும் திறந்துவைத்தான்.

நீராவி சீறி வெளியேறித் தணிந்தது. பின் நீர் ஒழுகியது. பின் துளிகள்.

முதல் வால்வு கசிந்தாலும் கசிவது இந்த வாய்வழியே போய்விடும். அப்பால் வேலை செய்கிறவரைத் தீண்டாது. ஆயினும் இந்த வாய் உலர்ந்தாலன்றி எவரும் குழாயைப் பிரிக்கலாகாது. சர்க்கரை ஆலையின் நெறி அது.

இன்று பிரிக்க வந்திருப்பவர் ஃபிட்டர் நீலமேகம். அவன் மனைவியின் அண்ணன்.

தை மாதத்தில் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில்தான் குழந்தை அமர வேண்டும். ஆலையில் ஏதோ பழுது. தாய்மாமன் வரத் தாமதமாயிற்று. நல்ல நேரம் கழிகிறதென்று அவன் குழந்தையை வேறொருவர் மடியில் அமர்த்திவிட்டான். கையில் பட்டுப்பாவாடையும் பூவுமாக நீலமேகம் வாசலில் வந்து நின்றபோது, குழந்தை அழுது ஓய்ந்திருந்தாள்.

அன்றுமுதல் பேச்சில்லை.

ஒரு துளி விழுந்தது.

தங்கிய நீரா, கசிவா?

இன்னொன்று.

அவன் எழுந்து முதல் சக்கரத்தை மேலும் இறுக்கினான். திரும்பி வந்து குந்தினான். எதிரே நீலமேகமும் குந்தியிருந்தார்.

"நேரம் போவுது. காத்திருக்கிற பழக்கந்தான் ஆபரேட்டர் சாருக்குக் கிடையாதே," என்றார், துளியைப் பார்த்தபடி.

"காயட்டும்."

வெளியே கரும்பு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் அசையவில்லை.

விளிம்பில் ஒரு துளி திரண்டது. விழவில்லை. சூட்டில் மெல்லச் சிறுத்து, அங்கேயே மறைந்தது.

அதன்பின் ஒன்றும் வரவில்லை.

யாரும் திறந்துவிடாதபடி இரு சக்கரங்களையும் சங்கிலியால் பிணைத்து அவன் தன் பூட்டை மாட்டினான். அதன் பக்கத்தில் நீலமேகம் தம் பூட்டை மாட்டி அழுத்தினார். சாவியைச் சட்டைப்பையில் இடப்போனவர் நின்றார்.

அவனிடம் நீட்டினார்.

அந்தப் பூட்டு திறந்தால் நீராவி வரும்; குழாயைப் பிரிக்கிறவர் தம் சாவியைப் பிறர் கையில் தருவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

அவன் கை தானாக எழுந்தது. வாங்கிக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும் போலிருந்தது.

அவர் விரல்களைச் சாவியின்மேல் மடக்கிவிட்டான்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான். நீங்க வந்து திறக்குற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

நீலமேகம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நடந்தார். சற்றுத் தொலைவில் அவர் நடை தளர்ந்தது. திரும்பவில்லை.

"பாப்பாவுக்குக் காது ஆறிடுச்சா, மாப்ள?"