கோட்டை விட்டு விலகாத புள்ளிகள்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்குப் புதிதாக வந்த ஜபீன், லேப் நோட்டுகளை ஒரு வாரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேனேஜரிடம் காட்டினாள்.

"2003லேர்ந்து 2006 வரைக்கும் வந்த நிலக்கரி சார். சாம்பல் ஏறினா, எரிக்கும்போது வர்ற சூடு குறையுது. கிராஃப்ல ஒரு புள்ளிகூட கோட்ட விட்டு விலகல. சாம்பல மட்டும் அளந்தா போதும், எவ்ளோ சூடுன்னு கணக்கே சொல்லிடும்."

"அப்போ சூடு அளக்கத் தனியா ஓர் ஆள் எதுக்கு?" என்றார் மேனேஜர்.

அந்த ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"இன்னா ஸ்டீபன், எதுனா சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல சார்."

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

ஜபீன் லேபுக்கே வந்துவிட்டாள். "சாரிண்ணா. நீங்க அவ்ளோ கரெக்டா அளந்ததாலதான் இப்டி வந்துச்சு. சூடு அளக்குற மெஷினகூட எவ்ளோ நீட்டா மூடி வச்சிக்கினு இருக்கீங்க!"

ஸ்டீபன் தலையாட்டினான். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, மெஷின் மேல் கிடந்த துணியை இழுத்துவிட்டான்.

அந்த மெஷின் 2003 தொடக்கத்திலேயே கெட்டுப்போய்விட்டது. ரிப்பேர் கேட்டு ஏழு கடிதம் எழுதினான். பதில் வரவில்லை. அன்றிலிருந்து சாம்பலை மட்டும் அளந்து, பழைய புத்தகத்திலிருந்த ஒரு கணக்கைப் போட்டுத்தான் சூட்டை எழுதிவந்தான்.

ஜபீன் கண்டுபிடித்தது அந்தக் கணக்கைத்தான்.