கரையில் பேசிய பங்கு

யாகப்பர் சம்மாட்டி கடிதத்தை வங்கியில் என் மேசையில் வைத்துவிட்டு, காட்டிய கதிரையில் இருக்காமல் நின்றார்.

“இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை. எனக்கு விளங்கினது சரியோ எண்டு பாப்பம்.”

அவருக்கு விளங்கியது சரிதான். அந்தச் சுற்றறிக்கையைக் காலையிலிருந்து ஐந்தாவது ஆளுக்கு வாசிக்கிறேன். என் வாயே எனக்குக் கசந்துபோயிருந்தது.

அரசாங்கத்தின் மாணவர் கடனைப் படிப்பு முடிந்த மறுமாதமே இனிக் கட்டத் தொடங்க வேண்டும். முன்பு ஒரு வருஷம் பொறுத்தார்கள். ஏழு வருஷத் தவணை இனி நாலு வருஷம். முன்பே கையெழுத்து வைத்தவர்களுக்கும் இதே சட்டம்தான்.

கையெழுத்து வைத்தவள் பக்கத்தில் இருந்தாள். அவருடைய மகள் டினோஜா. பிணை நின்றவர் அவர்.

டினோஜா கொழும்பில் கணினிப் படிப்பு முடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஒரு கம்பனியில் சம்பளமில்லாத பயிற்சி. எட்டு மாதம் தாக்குப்பிடித்தால் அங்கேயே வேலை. மாதம் பதினாறாயிரத்து எழுநூறு இப்போதே கட்டுவதென்றால் பயிற்சியை விட்டுவிட்டு மன்னார் பஸாரில் ஏதாவது கடைக்கு வரவேண்டியதுதான்.

அதை அவள் அழாமல் சொன்னாள். இருபத்திரண்டு வயதில் கையில் கிடைத்ததை விடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சம்மாட்டி, படகு முதலாளி என்பதெல்லாம் இப்போது பெயருக்குத்தான். இரண்டு படகில் ஒன்றை விற்றாயிற்று. மற்றது பத்து மாதமாக வங்காலைக் கரையில் ஏறிக் கிடக்கிறது. அவர் சொல்லாமலே அது எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வழி இருந்தது. பழைய நிபந்தனையே தொடரட்டும் என்று பிணை நின்றவர் ஒரு படிவத்தில் கேட்கலாம். அதன் அடியில், ‘சிபாரிசு செய்கிறேன் / செய்யவில்லை’ என்று இருக்கும். ஒன்றை வெட்ட வேண்டியது நான். நான் வெட்டியதை முகாமையாளர் இதுவரை மாற்றியதில்லை.

படிவத்தைக் கொடுத்தேன். ‘காரணம்’ என்ற இடத்தில் இரண்டே கோடுகள். காலையில் வந்த நாலு பேரும் அதில் ‘பொருளாதாரக் கஷ்டம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். வங்கிக் கந்தோருக்குப் பிடித்த சொல் அதுதான்.

யாகப்பர் பேனையை வாங்கி, அப்போதுதான் கதிரையில் இருந்து, வெகு நேரம் எழுதினார்.

‘தொழிலுக்கு இறங்கின பிறகு பங்கை மாத்துறது நியாயமில்லை. கரையில பேசினது பேசினதுதான்.’

வேறு யாரும் அதை இந்தப் படிவத்தில் எழுதமாட்டார்கள். மற்ற எந்த ஊர் வங்கியிலும் அதை விளக்கச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

கடல் தொழில் செய்கிறவர்களிடம் பங்குக்கு எழுத்துக் கிடையாது. பருவம் தொடங்க, மாதா கோயில் சுவாமியார் படகை மந்திரித்துவிட்டுப் போனதும் கரையில் நின்றே பேசுவார்கள். எண்ணெய்ச் செலவு போக வருவதில் பாதி சம்மாட்டிக்கு, பாதி கடலுக்குப் போகிறவர்களுக்கு. மீன் பட்டாலும் படாவிட்டாலும் பருவம் முடியும்வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

“அரசாங்கத்துக்கும் கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல,” என்றார். “அதுக்கு, கீழ நிக்கிறவன்ர பங்கிலயோ கை வைக்கிறது?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் கள்ளமில்லை. உண்மையாகவே மனம் நொந்துதான் கேட்டார்.

“உங்களுக்கு எவடம் பிள்ளை?”

“உப்புக்குளம்.”

அது பொய்யில்லை.

பேனையை எடுத்தேன். எந்தச் சொல்லை வெட்டுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கோபத்தோடு முனையை இரண்டு சொல்லுக்கும் மேலே மாறி மாறிக் கொண்டுபோனேன். டினோஜா என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனையின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘செய்யவில்லை’ என்பதை வெட்டிக் கையெழுத்து வைத்தேன்.

யாகப்பர் எழுந்து, “மாதா உங்களை...” என்று தொடங்கி, என் பொட்டைப் பார்த்துவிட்டு, “கடவுள் உங்களைக் காப்பாத்துவார்” என்று முடித்தார். டினோஜா அவர் பின்னால் எழுந்தாள். வாசல்வரை போய் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

படிவத்தைக் கோவையில் வைக்குமுன் ஒரு போட்டோ கொப்பி எடுத்தேன். வங்கிக்கு அது தேவையில்லை.

மண்ணெண்ணெய் விலை ஏறிய வருஷம், பருவத்தின் நடுவில், யாகப்பர் கடலுக்குப் போகிறவர்களின் பாதியை மூன்றில் ஒன்றாக்கினார். தனக்கும் கஷ்டம் என்றாராம். அவருடைய கரைக் கொட்டிலான வாடியில் பதினொரு பருவம் தங்கிக் கடலுக்குப் போன இராமலிங்கம், கரையில் பேசினது பேசினதுதானே என்று கேட்டுவிட்டுப் படகை விட்டு இறங்கினார்.

இராமலிங்கம் என் அப்பா. நாங்கள் உப்புக்குளத்துக்கு வாடகைக்கு வந்ததும், நான் கிடைத்த கம்பஸ் இடத்தை விட்டு இந்த வேலைக்கு வந்ததும் அந்த வருஷம்தான். யாகப்பர் பிள்ளைகளான எங்களை ஒருநாளும் கண்டதில்லை. அவருடைய பெயரை மட்டும் நாங்கள் சோற்றோடு கேட்டு வளர்ந்தோம்.

பின்னேரம் கொப்பியை அப்பாவிடம் கொடுப்பேன். மேலே யாகப்பரின் எழுத்து, கீழே என் கையெழுத்து.

அவர் எதை முதலில் பார்ப்பார் என்று தெரியவில்லை.