எங்க வம்சத்து வியாதி

மகளின் இடது மணிக்கட்டில் நாடி பிடிபடவில்லை.

"ரத்தக்குழாய்ல வீக்கம். உடம்போட எதிர்ப்பு சக்தியே குழாயைத் தாக்குது. மருந்துல கட்டுப்படுத்திடலாம். சில மரபணு இருந்தா வர வாய்ப்பு அதிகம். உங்க குடும்பத்துல யாருக்காவது...?" என்று டாக்டர் படிவத்தை எடுத்தார்.

வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பெற்றோர் பழியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவார்கள். இவர்கள் தலைகீழ்.

"எங்கப்பாவுக்கு இதேதான் டாக்டர்! கை அடிக்கடி மரத்துப்போகும்," என்றார் தந்தை, மீசையை முறுக்காத குறையாக.

"சும்மா இருங்க. எங்கப்பாவோட தங்கச்சிக்கும் நாடியே தெரியாது. இவ மூக்கு, முன்கோபம் எல்லாம் எங்க வழி. இது மட்டும் உங்க வழியாக்கும்!" என்று தாய் பாய்ந்தாள்.

"முன்கோபம் என்னோடது!"

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டே இரண்டையும் எழுதினார். "சரி, மூணு பேரும் ரத்தம் குடுங்க. பரிசோதனையில தெரிஞ்சிடும்."

இருவரும் முந்திக்கொண்டு கையை நீட்டினார்கள்.

மகள் சிரித்துவிட்டாள். "டாக்டர், எழுதினதையெல்லாம் அடிச்சிடுங்க. இவங்க என்னைத் தத்தெடுத்தப்போ எனக்கு மூணு வயசு."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. தந்தை நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அட, ஆமால்ல!"

"எப்பவும் இப்படித்தான் டாக்டர், மறந்துடுவாங்க," என்றாள் மகள், பெருமை தாங்காமல்.