விஷாலின் மூக்கு

விஷாலின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். சட்டைக் காலரில் ரத்தம். எதிரே தாமரை கையைக் கட்டிக்கொண்டு, அழாமல் நின்றாள்.

"அஞ்சாம் வகுப்புப் பொண்ணு, சார். டிபன் பாக்ஸால அடிச்சிருக்கா," என்றார் பள்ளி சூப்பர்வைசர் கௌஸ் முகைதீன். "சஸ்பெண்ட் பண்றதைத் தவிர வேற வழியில்ல."

கட்டட சைட்டிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்திருந்த தாமரையின் அப்பா சேதுராமனுக்கு மானமே போய்விட்டது. விஷால் பக்கத்து ஃபிளாட் பையன். வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த இடத்தில், சாயங்காலத்துக்குள் முவைலா ஏரியா முழுக்க நாறிவிடும்.

"ஏன்டி அடிச்சே?"

தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூப்பர்வைசர்தான் சொன்னார்.

சூடான் சண்டையில் வீடிழந்து வந்த பிள்ளைகள் சிலரை இந்த வருஷம் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி ஹனான். தாமரைக்குப் பக்கத்து இடம். தாமரையின் புளிசாதத்தை அவள் தின்பாள், அவளுடைய ரொட்டியைத் தாமரை தின்பாள். தாமரையின் தலையில் இருக்கும் சின்னச் சின்னப் பின்னல்கூட அவள் போட்டதுதான்.

அந்த ஹனானைப் போன வாரம் விஷால் 'கரிக்கட்டை' என்று கூப்பிட்டிருக்கிறான். அர்த்தத்தையும் இங்கிலீஷில் விளக்கியிருக்கிறான். வகுப்பே சிரித்ததாம். அன்றோடு ஹனான் பள்ளிக்கு வரவில்லை. இனி வரமாட்டாள் என்று அவள் அம்மா இன்று காலை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானம் டிபன் பாக்ஸ் பறந்திருக்கிறது.

சேதுராமனின் கோபம் அப்படியே திசை திரும்பியது.

"அப்போ என் பொண்ணு செஞ்சதுல என்ன சார் தப்பு? எங்க ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைப் பாத்துத்தான் மரியாதை. நேத்து வந்த வெள்ளைக்காரன், என் பேரைக்கூடக் கேக்காம 'யூ பீப்பிள்'னு பேசறான். அந்த வலி தெரிஞ்ச நாமளே பிள்ளைங்களை இப்படியா வளக்கறது?"

மேஜையைத் தட்டினார். கல்லூரி நாளில் உண்ணாவிரதப் பந்தலில் முழங்கிய குரல் திரும்பி வந்திருந்தது. சஸ்பெண்ட் செய்வதானால் இவனைச் செய்யுங்கள் என்றார். அந்த வார்த்தையைப் புழங்கும் பெரியவர்களை இழுத்து வந்து இதே இடத்தில் நிறுத்துங்கள், அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்க வையுங்கள், அதுவரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்றார்.

கௌஸ் முகைதீன் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

சேதுராமன் விஷால் பக்கம் திரும்பினார். "பத்து வயசுல இந்தப் பேச்செல்லாம் தானா வராது. பயப்படாம சொல்லு. யார் சொல்லிக் கொடுத்தது? உங்கப்பாவா?"

விஷால் பஞ்சை அழுத்திக்கொண்டு பேசினான்.

"நீங்கதான் அங்கிள். டெய்லி உங்க கார்லதானே வர்றோம். கேட்ல அவளைப் பாத்ததும், 'கரிக்கட்டை வந்தாச்சு, இனிமே பெல் அடிச்சிரும்'னு சொல்லுவீங்களே. நாங்கல்லாம் சிரிப்போமே."

கௌஸ் முகைதீன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சேதுராமன் மகளைப் பார்த்தார்.

"அப்பாவை அடிக்கக் கூடாதில்ல," என்றாள் தாமரை. "அதான் இவனை அடிச்சேன்."