ஆஸ்கருக்கு ஒரு துணை

வண்ணமீன் கடைக்காரியைப் பார்த்ததுமே அவருக்கு இளக்காரமாகப் போய்விட்டது. ஈரக் கையும் வாளியுமாக நிற்கிற இவளுக்கு மீனைப் பற்றி என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது?

"வீட்டுத் தொட்டியில ஒரு ஆஸ்கர் வளர்க்கிறேன்மா. நல்லாப் பெருசாயிடுச்சு. கூட விட இன்னொரு மீன் வேணும்."

அவள் விரல் நீளத்தில் இருந்த ராம் மீன் ஒன்றைக் காட்டினாள். "இதைக் கொண்டுபோங்க சார். ரெண்டுமே தென்னமெரிக்கா. ஒரே ஊரு, ஒரே தண்ணி."

"சண்டை வராதா?"

"ஆஸ்கர் தங்கமான குணம் சார். ஆரம்பத்துல கொஞ்சம் முறைக்கும். சின்னதுதான் அனுசரிச்சுப் போகணும். போகப் போக எல்லாம் சரியாயிடும்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"யார் காதுல பூ சுத்துற? வாய்க்குள்ள போற எதையும் ஆஸ்கர் முழுங்கிடும். நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்!"

"மீனுக்கா? நாலு இடத்துலயா?"

"பின்னே? அதுவும் ஒரு உசிரு இல்லையா? தள்ளிவிட்டாப் போதும்னு வாய்க்கு வந்ததைச் சொல்றியே, மனசாட்சி வேணாம்?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நான் எதையும் புதுசா சொல்லலையே. எங்கப்பாகிட்ட நீங்க சொன்னதைத்தான் அப்படியே சொன்னேன்."

அவர் அப்போதுதான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப, ஒரே ஒரு இடத்துலயாவது விசாரிச்சிருக்கலாமே தரகரே!"