பக்கத்தில் நிற்பவள்

ஒன்பதாம் வகுப்பு டீச்சர் வரச்சொன்னதும், பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள் செல்வராணி. மகள் இலக்கியா என்ன செய்து தொலைத்தாளோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

வராந்தாவிலேயே டீச்சர் பொரிந்து தள்ளினார். "ஒடிசாவுல இருந்து வந்த புள்ள சுனிதா இருக்கால்ல, அவ தமிழ் வாசிச்சா க்ளாஸே சிரிக்கும். உடனே உங்க பொண்ணு எழுந்து அவ பக்கத்துல போய் நின்னுக்கறா. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் உக்கார மாட்டேங்கறா. நேத்து இன்னும் நாலு பேரு அவகூடச் சேர்ந்து நின்னாங்க. வீட்ல கொஞ்சம் சொல்லி வைங்க."

"சிரிக்கிறவங்கள என்னங்க டீச்சர் சொன்னீங்க?"

டீச்சர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

செல்வராணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "கண்டிப்பா சொல்றேனுங்க. உக்காரவே கூடாதுன்னு சொல்றேன்."

டீச்சர் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தார். செல்வராணி ஜன்னலோரம் நின்று பார்த்தாள். சுனிதா தட்டுத்தடுமாறி வாசிக்கத் தொடங்கினாள். அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. இலக்கியா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர் எழுந்தார்கள். டீச்சர் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, சுனிதாவின் மறுபக்கம் போய் நின்றார்.

சுனிதா அடுத்த வரியைக் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தாள்.